ரெண்டு ரிஜிஸ்தர்

எங்கம்மா 1924இல் ராயபுரத்தில் பிறந்து 2014இல் ராயபுரத்திலேயே செத்துப்போனார். நடுவில் இருந்த தொண்ணூறு வருஷத்தில் முப்பத்தொன்பது வருஷம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மீதி நேரத்தில் சமைத்தார், ஜெபம் பண்ணினார். இப்படி எழுதினால் அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பு மாதிரி ஆகிவிடும். அந்தக் குறிப்பும் வாசிக்கப்பட்டது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், உத்தம ஊழியக்காரி, இத்தனை பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தது. சாதி என்கிற வார்த்தை மட்டும் அதில் ஒரு இடத்திலும் வரவில்லை. எங்கம்மா வாழ்க்கையிலிருந்து சாதியைக் கழித்துவிட்டால் மீதி என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விட்டுப்போனதை எழுதத்தான் இது.

அம்மாவின் தாத்தா திருவள்ளூர்ப் பக்கத்துச் சேரிக்காரர். அந்தப் பக்கம் வெஸ்லியன் மிஷன் வில்லியம் கௌடி பாதிரியார் வேலை செய்த இடம். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன் ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். இவர்கள் ரெண்டு பேரும் பறையர் நிலைமையைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையும் சேர்ந்து 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. வரலாறு இப்படி. எங்க வீட்டு வரலாறு என்னவென்றால், நிலம் வரவில்லை, ஞானஸ்நானம் வந்தது. ஞானஸ்நானம் வாங்கினவர் அதற்கப்புறமும் ஆண்டைக்குத்தான் ஏர் ஓட்டினார். அவர் மகன், அதாவது அம்மாவின் அப்பா, ஒரு பஞ்சகாலத்தில் கால்நடையாகவே பட்டணத்துக்கு வந்து துறைமுகத்தில் கரி சுமந்தார். கப்பலிலிருந்து கூடையில் கரியை அள்ளித் தலையில் வைத்து இறக்குகிற வேலை. தலைமுடி முன்பக்கம் உதிர்ந்துபோய் வழுக்கையாகவே இருப்பாராம். "எங்கப்பா தலைய தொட்டா கரி ஒட்டும். குளிச்சிட்டு வந்தாலும் ஒட்டும்" என்று அம்மா சொல்வார்.

அப்படிப்பட்டவர் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். மிஷனை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், நானும் விமர்சிக்கிறவள்தான். ஆனால் இந்தப் பட்டணத்தில் யார் கதவைத் திறந்தது, யார் மூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1837இல் ஜான் ஆண்டர்சன் ஆரம்பித்த ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி, அதுதான் பின்னால் கிறித்துவக் கல்லூரி ஆனது, அதில் அடுத்த வருஷமே பறையர் பிள்ளைகளைச் சேர்த்தார்கள் என்று மேல்சாதிப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே போனார்கள். போனால் போகட்டும் என்று ஆண்டர்சன் இருந்துவிட்டார். அம்மா இதைத் தன் பயிற்சிப் பள்ளியில் கேள்விப்பட்டு எங்களுக்குச் சொன்னார். யாராவது மிஷனை மட்டமாகப் பேசினால் உடனே ஆண்டர்சனை எடுத்துவிடுவார்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தைக் காலிபண்ணச் சொன்னபோது அம்மாவுக்குப் பதினெட்டு வயசு. பணம் இருந்தவன் ரயில் ஏறினான். இவர்கள் குடும்பம் தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு திருவள்ளூருக்கு நடந்தது. ஊரில் எந்தச் சேரியிலிருந்து கிளம்பினார்களோ அதே சேரிக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு நாள் ஜாக்கெட் போட்டு, செருப்பு போட்டு ஊர்த்தெரு வழியாக நடந்ததற்கு அம்மாவை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இதை எனக்கு அவர் சொன்னது எழுபது வயசுக்கு மேல். அதுவரைக்கும் ஜப்பான் கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்தச் செருப்பு மட்டும் கதைக்குள் வராமல் பார்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் பட்டணம் திரும்பி வேலையில் சேர்ந்தவர் அந்த ஊருக்கு அப்புறம் போகவேயில்லை.

ராயபுரத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராயப்பர் என்றால் பேதுரு. படகோட்டிகள் தங்கள் காசில் கட்டிய ராயப்பர் கோயிலால் வந்த பெயர் என்று சொல்வார்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிற்கிறது. ஸ்காட்லாந்து மிஷன் பெண்களுக்காக நடத்திய ரெய்னி ஆஸ்பத்திரி இருக்கிறது. அண்ணனும் நானும் பிறந்தது அங்கேதான். வடக்கே போனால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கம்பெனி. எங்கப்பா திருவொற்றியூரில் சுவீடன்காரர்கள் ஆரம்பித்த விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தார். அம்மாவின் அப்பாவிடம் கரி வாசனை என்றால் எங்கப்பாவிடம் தீக்குச்சி மருந்து வாசனை. 1971இல் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் எல்லாம் அம்மா சம்பளம்தான்.

அம்மாவின் பிள்ளைகள் யார் என்றால் கடலுக்குப் போகிறவர் பிள்ளைகள், ஹார்பர் கூலி பிள்ளைகள், கைவண்டி இழுக்கிறவர் பிள்ளைகள், குப்பை அள்ளுகிற தெலுங்கு பேசுகிற ஜனங்களின் பிள்ளைகள். மணி அடித்தால் வருகிற பிள்ளைகள் இல்லை இதெல்லாம். காலை எட்டு மணிக்கே அம்மா சந்து சந்தாகப் போய்க் குரல் கொடுப்பார். "ஏம்மே, புள்ள எங்க?" "மீனு பொறுக்கப் போய்க்கீது டீச்சரு." "மீனு நாளைக்கும் வரும். இன்னிக்கு வாய்ப்பாடு." சிலதைக் கையைப் பிடித்து இழுத்துவருவார். சிலதுக்குக் குழாயடியில் மூஞ்சி கழுவிவிட்டு, தன் முந்தானையில் துடைத்துக் கூட்டிவருவார். ஸ்டேஷனைக் காட்ட ஒவ்வொரு வருஷமும் நாலாம் வகுப்பைக் கூட்டிப்போவார். "இந்த ரயிலை யாரு உட்டது?" என்று கேட்பார். பிள்ளைகள் வெள்ளைக்காரன் என்று சொல்லும். "தண்டவாளத்த யாரு தூக்கினது?" என்று அடுத்த கேள்வி. அதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அதுக்கும் மார்க் உண்டு என்று சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் முதல் வேலை பெஞ்சு துடைப்பது. ராத்திரி துறைமுகத்துக் கரித்தூசி வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருக்கும். துடைத்தால் துணி கறுப்பு. இரும்புத்தாது வந்து இறங்கின நாளில் சிவப்பு. வெள்ளைச் சட்டை போட்டு வருகிற பிள்ளை மத்தியானத்துக்குள் வேறு நிறம் ஆகிவிடும். அம்மாவுக்கு இருந்த இருமல் கடைசிவரைக்கும் போகவில்லை. சாக்பீஸ் தூசி என்று டாக்டர் சொன்னார். ஹார்பரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதனால் பள்ளிக்கூடத்துச் சேர்க்கை ரிஜிஸ்தர் அம்மா கையில் இருந்தது. ஜூன் மாசம் வந்தால் பாதி ராயபுரம் அம்மா மேஜைக்கு முன்னால் நிற்கும். பிறந்த தேதி கேட்டால் "பெரிய புயல் அடிச்சுதே, அப்போ" என்பார்கள். அம்மா ஒரு ஜூன் முதல் தேதி போட்டுவிடுவார். ராயபுரத்தில் எங்க தலைமுறையில் பாதிப்பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். தேதியில் பிரச்சினை இல்லை. அதற்கு அடுத்த ரெண்டு கட்டத்தில்தான் பிரச்சினை. மதம், சாதி.

1950இல் குடியரசுத் தலைவர் பெயரில் வந்த அட்டவணைச் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. இந்து மதத்தில் இல்லாத யாரும் அட்டவணைச் சாதி ஆகமாட்டார் என்பது அதன் சாரம். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்துவரும் முஸ்லிமும் வெளியேதான். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள். நிலமும் கடையும் லாரியும் வைத்திருக்கிற சாதிகளோடு சேர்ந்து நாங்களும் ஓட வேண்டும். மத்திய அரசு வேலை என்றால் அதுவும் இல்லை. 1993 வரைக்கும் அங்கே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடே கிடையாது. குப்பை அள்ளுகிறவன் மகன் அந்தோணி என்று பெயர் வைத்திருந்தால் போதும், மயிலாப்பூர் மாமி மகனோடு பொதுப் போட்டி. ஹார்பர் மத்திய அரசு, ரயில்வே மத்திய அரசு. ராயபுரத்துப் பையனுக்குக் கண்ணுக்கெதிரே இருக்கிற வேலை ரெண்டும் இதுதான்.

ஜனங்களுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் விஷயம் சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர்களே திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து "டீச்சரு, இந்து ஆதிதிராவிடன்னு போட்டுடும்மா" என்பார்கள். அம்மா நிமிர்ந்து ஒருதரம் பார்ப்பார். எழுதிவிடுவார். ஞாயிறு பள்ளிக்கும் அம்மாதான் பொறுப்பு. அங்கேயும் ஒரு ரிஜிஸ்தர். ஆக ஒரே பிள்ளை, ஒரே கையெழுத்து, ரெண்டு ரிஜிஸ்தர். ஒன்றில் இந்து ஆதிதிராவிடர், இன்னொன்றில் ஞானஸ்நானத் தேதியோடு பெயர். எட்டுப் பத்து வயசில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் வைப்பேன் என்கிற அம்மா இப்படி எழுதுகிறாரே என்று கேட்டேவிட்டேன்.

"பெத்தவங்க சொல்றத எழுதறது என் வேலை. சர்க்காரு கேக்கறது வேற, கர்த்தர் கேக்கறது வேற" என்றார்.

அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் கிறித்துவர் என்று எழுதினார்? அந்தக் கேள்வியைக் கேட்டது அண்ணன். அவன் பி.ஏ. முடித்து ஆறு வருஷம் பரீட்சை எழுதி, இண்டர்வியூ போய், பொதுப் பட்டியலில் தோற்றுத் தோற்று வந்த நேரம். கூடப்படித்த பையன்கள், அம்மாவே இந்து ஆதிதிராவிடர் என்று எழுதின பையன்கள், சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் சர்ச்சில் அம்மாவிடம் வந்து ஸ்தோத்திரம் சொல்லி முதல் சம்பளத்தில் புடவை கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரி சண்டை.

"ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் எழுதின கை எனக்கு மட்டும் ஏம்மா வரல?"

"அவங்களுக்கு எழுதும்போது நான் டீச்சரு. உனக்கு எழுதும்போது நான் அம்மா."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அம்மா சொன்னது நியாயமா என்று எனக்கு இன்றுவரைக்கும் முடிவுக்கு வர முடியவில்லை. விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு பெற்ற பிள்ளையின் வயிற்றில் அடித்ததாகவும் சொல்லலாம். மூணு தலைமுறைக்கு முன்னால் ஒருத்தன் ஆண்டையின் சாமி வேண்டாம் என்று வெளியே வந்தானே, அந்த ஒரு சொத்தை மட்டும் அழிக்கமாட்டேன் என்று நின்றதாகவும் சொல்லலாம். எங்க குடும்பத்துக்கு வேறு சொத்து இல்லை.

1979இல் அண்ணன் மதம் மாறினான். மாறினான் என்பதா, திரும்பினான் என்பதா, அதற்குச் சரியான வார்த்தை கிடையாது. அவன் பிறக்கிறபோது இந்துவாக இல்லை, அவன் தாத்தாவும் இல்லை. ஆனால் கோர்ட்டு அதற்கு வழி வைத்திருந்தது. கோலார் தங்கவயல்காரர் எஸ். ராஜகோபால் கிறித்துவராகி, திரும்ப இந்துவாகித் தனித்தொகுதியில் நின்ற வழக்கில், சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி திரும்பி வந்துவிடும் என்று 1975இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. சாதிக்கு உள்ள வசதியைப் பாருங்கள். சட்டப்படி மதம் மாறினால் அது தூங்கும், திரும்பினால் முழித்துக்கொள்ளும். நடுவில் வாடகை வீடு கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் அது தூங்கினதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஹோமம் வளர்த்து ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். எங்க சனத்துப் பெரியவர்கள் ரெண்டு பேர் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் மனைவி எங்க சர்ச் கொயரில் பாடுகிறவர்.

துறைமுகத்தை ஒட்டின ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடும்போது அண்ணன் படிவத்தை அம்மாவிடமே கொண்டுவந்தான். வீட்டில் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் அம்மா கையெழுத்தில்தான் போகும், அந்தப் பழக்கம். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் அந்தப் புதுப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். தகப்பன் பெயர், பிறந்த தேதி, படிப்பு, விலாசம் எல்லாம் எழுதினார். மதம் என்ற கட்டம் வந்ததும் பேனாவை மூடி அவனிடம் நீட்டினார்.

"இத நீ எழுது."

அண்ணன் எழுதினான். அம்மா திரும்ப வாங்கி அடுத்த கட்டத்தில் ஆதிதிராவிடர் என்று தன் கையால் எழுதினார். அதை எழுத அவருக்குக் கை தயங்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

வேலை கிடைத்தது. அண்ணன் ஆபீசுக்குப் போகிறபோது நெற்றியில் திருநீறு, வீட்டுக்கு வருகிறபோது சுத்தம். ஜெபத்துக்கு உட்காரமாட்டான், ஆனால் ஜெபம் முடிகிற வரைக்கும் சாப்பிடவும் மாட்டான். அம்மா ஜெபத்தில் அவனை ஞானஸ்நானப் பெயரைச் சொல்லியே ஜெபித்தார். அவனைச் சபை விலக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒருவர் பேசினார். "மொதல்ல ரிஜிஸ்தர எடுத்து வச்சுப் பேசலாமா? ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு" என்று அம்மா கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

சர்ச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அம்மா கதீட்ரலுக்கு வெளியே கூட்டத்தில் நின்றிருக்கிறார். இனிமேல் லண்டன்காரன், ஸ்காட்லாந்துக்காரன், வெஸ்லியன் என்று கிடையாது, எல்லாம் ஒண்ணு என்று அன்றைக்கு அழுதாராம். சபைகள் ஒன்றாயின. சனங்கள் ஒன்றாகவில்லை. கல்யாணப் பேச்சு என்றால் முதல் கேள்வி "எந்த ஊரு?" அது ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி இல்லை என்று எங்களுக்கு எல்லாம் தெரியும். இது புதுசும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் திருச்சபையில் சாதியை விட்டொழிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். வேப்பேரியில் அதை வாசித்தபோது வெள்ளாளக் கிறித்துவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்புறம் வந்தவர்கள் வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்து கமிட்டிக்கு நின்றார்கள். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவியை ஐயரம்மா. சேரிக்காரன் ஐயர் ஆனதில் எனக்குச் சின்ன வயசில் ஒரு சந்தோஷம். வயசானதும் அந்த வார்த்தை நெருடியது.

ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு அம்மா மரியாள் வேஷத்துக்குக் குப்பை அள்ளுகிற குடும்பத்துப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். நன்றாகப் பாடுகிற பெண். தெலுங்கு வாடை இல்லாமல் வசனம் சொல்லவைக்க ரெண்டு மாசம் பழக்கினார். ஒத்திகை பார்க்க வந்த கமிட்டிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அதில் எங்க சனத்துப் பெண்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. கறுப்பா இருக்குது, பல்லு தூக்கலா இருக்குது என்று ஒவ்வொரு காரணம். "அவங்க வீட்ல இன்னா வேலை செய்றாங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன், கேக்கறேன்" என்றார் அம்மா. யாரும் சொல்லவில்லை. "அப்போ நாடகம் வேணாம்" என்று திரைச்சீலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருஷம் நாடகம் இல்லை. அடுத்த வருஷம் அதே பெண், அதே வேஷம், நாடகம் நடந்தது. சமாரியப் பெண் கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த கதைதான் அம்மாவுக்கு வேதத்திலேயே பிடித்த இடம். அவர் அவளிடம் தண்ணீர் கேட்டார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். செருப்பு விஷயம் தெரிந்த பிறகுதான் அந்தக் கதை ஏன் என்று எனக்கு விளங்கியது.

அம்மாவிடம் மூணு தமிழ் இருந்தது. ஜெபத்தில் வேதாகமத் தமிழ். கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம் எல்லாம் தடங்கல் இல்லாமல் வரும். வகுப்பில் இலக்கணத் தமிழ். சந்தில் ராயபுரத்துத் தமிழ். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மூச்சுவிடுகிற நேரத்தில் மாறுவார். தொண்ணூறுகளில் நான் தலித் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். அம்மா ஒரு வரி விடாமல் படித்தார். படித்தபின் பார்த்தால் பக்கமெல்லாம் சிவப்பு மை. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, 'கீது' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'இருக்கிறது'. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம்ம பேச்சை நாமே எழுதுவதுதான் இதில் அரசியல், அதைப் போய்த் திருத்துகிறாயே என்று கத்தினேன்.

"கீதுன்னு பேசத் தெரியாமயா நான் இந்தத் தெருவுல இருக்கேன்? பரீட்சைப் பேப்பர்ல கீதுன்னு எழுதினா சைபர் போடுவான்டி. எம் புள்ளைங்க சைபர் வாங்கினது போதும்."

அந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. அடுத்த இதழ் வந்ததும் "வந்துச்சா?" என்று அம்மாதான் முதலில் கேட்டார். சிவப்பு மை குறையவில்லை. ஆனால் ஓரத்தில் சில இடத்தில் 'உண்மை' என்று எழுதியிருந்தார்.

சூசை வழக்கைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். சூசை சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது இந்து ஆதிதிராவிடருக்குத்தான் என்று சொல்லி அவருக்கு இல்லை என்றார்கள். அதே ரோடு, அதே ஊசி, அதே செருப்பு. உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறின பின்னும் அதே அளவு இழிவு இருக்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். அம்மா அதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "ரோட்டுல குந்தியிருந்தானே, அது ஆதாரமில்லையா?" என்று அப்புறம் கேட்டார்.

1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போய், அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. அம்மா பேப்பரில் அந்தப் பெயர்களைப் படித்தார். தன் தாத்தாவுக்கு வராத நிலத்தின் கதை அது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு வேறு தோன்றியிருக்கிறது. ரெண்டு பெயரையும் விரலால் தொட்டுக் காட்டி, "ஒண்ணு இந்த ரிஜிஸ்தரு, ஒண்ணு அந்த ரிஜிஸ்தரு" என்றார். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் ரெண்டு பெயரும் வந்தது. அப்புறம் ஒவ்வொரு அக்டோபரிலும் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அறிக்கைகள்தான். மிஸ்ரா ஆணையம் 1950 ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. அம்மா அப்போது உயிரோடு இருந்தார். நீக்கினார்களா என்று ரெண்டு மூணு தரம் கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்கிற மோசடி என்று ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் சொன்னது. நம்பிக்கைக்குச் சர்டிபிகேட் கேட்கிற தேசத்தில் அண்ணன் மாதிரி எத்தனை பேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்கள் என்று நீதிபதிகளுக்கு யார் போய்ச் சொல்வது.

2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் நின்றது. அப்போது அம்மாவுக்கு எண்பத்தேழு. ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்து, தூசி இல்லை என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்போ கரி எங்க போச்சு?" என்றார். எண்ணூருக்கு என்று சொன்னேன். "அங்க பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு இருமினார்.

2014இல் ஒரு வியாழக்கிழமை விடியக்காலம், ஜெபிக்கிற நேரத்தில், போய்விட்டார். காசிமேடு கல்லறையில் அப்பா குழியிலேயே வைத்தோம். புதுக்குழிக்கு இடம் இல்லை. பெட்டியைத் தூக்க ஆள் தேவைப்படவில்லை. லுங்கியோடு வந்த ஹார்பர் ரிட்டயர்டு ஆட்கள், மீன் ஏலம் விடுகிற ஒருவர், தெலுங்கு பேசுகிற ஒரு பாட்டி. அந்தப் பாட்டிதான் மரியாளாக நடித்த பெண். பாதிப்பேர் அரசாங்கக் கணக்கில் இந்து. எல்லோரும் பாட்டுப் புத்தகம் இல்லாமல் பாடினார்கள்.

கல்லறை ஆபீசில் பணம் கட்ட அண்ணன் போனான். நான் பின்னால் நின்றேன். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள், மகன் என்றான். பெயர் கேட்டார்கள். முப்பத்தஞ்சு வருஷமாக எந்த ஆபீசிலும் சொல்லாத பெயரைச் சொன்னான். ரசீதில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அது என்னிடம் இருக்கிறது. ஆதார் கார்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தகராறு ஆகியிருக்கும்.